பை இல்லாத சட்டை

செங்கல்பட்டுச் சீமையில் பணம் சம்பாதித்தவருக்கும் பணத்தில் பிறந்தவருக்கும் உள்ள வேறுபாட்டை அறிய வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை, சட்டையைப் பார்த்தால் போதும் என்பது பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர்கள் அனைவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. கஞ்சி போட்டு மொடமொடக்கும் வெள்ளைச் சட்டையும், அதன் பைக்குள்ளிருந்து பாதி எட்டிப் பார்க்கும் 500 ரூபாய் நோட்டும், கையில் தங்கக் காப்புமாகக் காரிலிருந்து முதலில் இறங்குகிறவர் நிலத்தரகர். கிணற்றுத் தண்ணீரில் துவைத்துத் துவைத்துப் பழுப்பேறிய நாலு முழ வேட்டியும், அக்குளில் தையல் விட்ட கை வைத்த பனியனும், தோளில் ஒரு துண்டுமாக, தரகர் வந்து கதவைத் திறக்கும்வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர்தாம் நிலத்துக்கு உடையவர். ஊரார் முதுகுக்குப் பின்னால் அவரைப் ‘பெரிய வீட்டார்’ என்றும் நேரில் ‘ஐயா’ என்றும் சொல்வதால், இங்கும் முதற்பெயரையே கொள்ளலாம்.

பெரிய வீட்டாரின் மேனியில் புதியது என்று எதுவும் இருப்பதில்லை. செருப்பு வார் அறுந்தால் ஊக்கு குத்திக்கொள்வார். ஊக்கு துருப்பிடித்தால் ஊக்கை மாற்றுவாரே தவிரச் செருப்பை மாற்றமாட்டார். வீட்டம்மாளின் நூல் புடவை மடிப்புக்கு மடிப்பு ஒட்டுத்தையல் கண்டிருக்கும், ஆனால் மாட்டுக்குத் தவிடு பிசையும்போதும் அம்மாளின் காதில் ஏழுகல் வைரத்தோடு மின்னிக்கொண்டிருக்கும். கார் அம்பாசடர்; 2014 மே மாதம் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது என்று யாராவது நினைவூட்டினால், இனி யாரும் அதைவிடப் புதிய அம்பாசடர் வாங்கித் தம்மை முந்த முடியாது என்ற நிறைவு அவர் முகத்தில் தெரியும். பிறர் கண்ணில் படவேண்டும் என்றே செய்யப்படும் செலவை, அதாவது பகட்டு நுகர்வை, அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டீன் வெப்ளென் 1899இல் ஒரு நூலாகவே ஆராய்ந்தார். பிறர் கண்ணில் படவேண்டும் என்றே செய்யாமல் விடப்படும் செலவுக்கு அவர் அதே அளவு பக்கங்களை ஒதுக்காததற்கு, அவர் செங்கல்பட்டுப் பக்கம் வராததைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. 1937இல் டைம் இதழ் உலகின் மிகப் பெரிய பணக்காரர் என்று அட்டையில் போட்ட ஹைதராபாத் நிஜாம் உஸ்மான் அலி கான், கசங்கிய உடையும் பழந்தொப்பியுமாக வாழ்ந்து, ஜேக்கப் வைரத்தைக் காகிதம் பறக்காமலிருக்க மேலே வைத்திருந்தவர் என்பது பெயர்பெற்ற செய்தி. பெரிய வீட்டாரிடம் இதைச் சொன்னால், “அதுக்கு வைரம் எதுக்கு? நம்ம மாமல்லபுரத்துல உளிச்சில்லு சும்மாவே கிடக்குதே” என்பார்.

இவையெல்லாம் ஊரறிந்தவை, யாருக்கும் இவற்றால் நட்டமில்லை. ஆராய்ச்சிக்கு உரியது அவருடைய பை, அல்லது பையின்மை. பனியனுக்குப் பை கிடையாது, வேட்டிக்கும் கிடையாது, பழங்காலத்தார் காசை வேட்டி மடிப்பில் செருகி ‘மடியில்’ வைத்துக்கொண்ட வழக்கமும் அவர் தலைமுறையோடு போயிற்று. கல்யாணம், கச்சேரி, தாலுகா அலுவலகம் என்று வெளியே கிளம்பும்போது மட்டும் சட்டை அணிவார். அந்தச் சட்டைக்கும் பை வைக்க வேண்டாம் என்று தையற்காரரிடம் முன்கூட்டியே சொல்லியிருப்பார். காரணம் கேட்டால், நாலு விரற்கடைத் துணி வீண் என்பார்.

பை இல்லாதவர் தேநீர்க் கடைக்குத் தனியே போவதில்லை. குறைந்தது இருவரை உடன் அழைத்துச் சென்று, “எல்லாருக்கும் போடுப்பா” என்று தெருக்கோடி வரை கேட்கும்படி சொல்லி, கொளவாய் ஏரியில் இவ்வாண்டு எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதில் தொடங்கி மதுராந்தகம் ஏரிக்கரை வரை பேசிமுடித்து, கடைசி மிடறு இறங்கும் நேரத்தில் வலக்கையை இட மார்புக்குக் கொண்டுபோவார். பை இருக்கவேண்டிய இடத்தில் கை தடவும். ஒன்றும் அகப்படாது. அப்போது அவர் முகத்தில் தோன்றும் வியப்பு ஒவ்வொரு முறையும் புதியது. அதில் நடிப்பு துளியும் இல்லை என்று அதைப் பல ஆண்டுகள் பார்த்தவர்களே சான்று சொல்வார்கள். “அட, பையே இல்லையே!” என்பார். உடன் வந்தவர், “இருக்கட்டுங்க ஐயா, நான் குடுக்கறேன்” என்பார். அதற்குப் பெரிய வீட்டார் உடனே இசைவதில்லை. சற்று யோசித்து, தயங்கி, “சரி, ஆசையா கேக்கறே” என்று அனுமதி வழங்குவார். காசு கொடுத்தவர் தாம் ஏதோ வரம் பெற்றுவிட்டதுபோல வீடு திரும்பி, மனைவி கணக்குக் கேட்கும்போதுதான் நடந்தது என்னவென்று உணர்வார்.

நாட்டின் நாணய வரலாறு முழுவதும் பெரிய வீட்டாருக்கு உதவுவதற்காகவே நடந்ததுபோலத் தோன்றும். 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டு மறுநாள் ஊரே கலங்கி நின்றபோது, தம் மேனியில் செல்லாத நோட்டு ஒன்றுகூட இல்லாத ஒரே மனிதராக அவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். அதைத் தொடர்ந்து வந்த 2000 ரூபாய் நோட்டில் ஒன்றை மட்டும் விரும்பி வாங்கி, நாலாக மடித்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். மூன்று தேநீருக்கு அதை நீட்டினால் எந்தக் கடையிலும் சில்லறை இராது என்பது அவருக்குத் தெரியும். 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி அந்த நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்கும்வரை அது அவரிடம் உழைத்தது. பிறகு கடைதோறும் கட்டம் கட்டமாக அச்சிட்ட க்யூஆர் அட்டை வந்தது. அவர் கையில் இருப்பது பட்டன் வைத்த பழைய செல்பேசி. “இதுல அதெல்லாம் வராதுப்பா” என்று அதைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் பாஸ்டேக், அதாவது கண்ணாடியில் ஒட்டிய வில்லை வழியே வங்கியிலிருந்து கட்டணம் கழியும் முறை, கட்டாயமானபோது, இனி பரனூர்ச் சாவடியில் அவர் தப்ப முடியாது என்று ஊரில் சிலர் மகிழ்ந்தார்கள். வில்லை ஒட்டப்பட்டது; அது இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கு ஓட்டுநருடையது.

கோயில்களும் விலக்கல்ல. திருக்கழுக்குன்றத்தில் தட்டு நீளும்போது, “நம்ம கட்டளைதான் ஓடுதே” என்பார். கட்டளை என்பது குறிப்பிட்ட பூசைக்காக முன்னோர் எழுதிவைத்த நிலையான அறம். கொள்ளுத்தாத்தா எழுதிவைத்த எண்ணெய்ச் செலவில் கொள்ளுப்பேரன் இன்றும் கற்பூரம் ஒற்றிக்கொள்கிறார். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் அனுமதிச் சீட்டு 40 ரூபாய் என்றதும் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிடுவார். தம் தாத்தா காலத்தில் இதற்கு வேலியே கிடையாது என்பது அவருடைய வாதம். 1984இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானதைத் தம்மைக் கேட்காமல் செய்த காரியமாகவே அவர் கருதுகிறார்.

இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கஞ்சன் காசை எண்ணுகிறான். பெரிய வீட்டார் எண்ணுவதில்லை. இந்தப் பழக்கத்தின் வேர் மிராசில் இருக்கிறது. ஊரின் நிலத்திலும் விளைச்சலிலும் தலைமுறை வழியாக வரும் பங்குரிமையே மிராசு. தொண்டை மண்டலத்தில் அதன் பழம்பெயர் காணியாட்சி. 1763இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக, அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு கூடிய மானியமாக, கொடுத்த பிறகு, இந்த உரிமை என்னவென்று விளங்கிக்கொள்ளவே வெள்ளைக்காரர்களுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. 1794 முதல் 1798 வரை இங்கே ஆட்சியராக இருந்து மிராசுதாரர்களோடு மல்லுக்கு நின்ற லயனல் பிளேசைப் பெரிய வீட்டார் இன்றும் போன வாரம் வந்துபோன தாசில்தாரைப்போல “அந்தப் பிளேசு” என்றே குறிப்பிடுகிறார். மிராசு பற்றி அரசு கேட்ட 17 கேள்விகளுக்குக் கும்பினி அதிகாரி எல்லிஸ் எழுதிய விடைகள் 1818இல் அச்சாயின. அம்முறையில் ‘சுதந்திரம்’ என்று ஒன்று உண்டு. களத்தில் நெல் குவிந்ததும், அரசுக்கும் உழுதவருக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்பே, மிராசுதாரருக்கு உரிமையாக எடுத்துவைக்கும் அளவுக்கு அப்பெயர். பகிர்வதற்கு முன் எடுத்துக்கொள்வது, எடுத்ததற்கு விலை இல்லை என்ற இந்த இரண்டு விதிகளும் களம் போன பின்னும் கைவிடாமல், அடுத்தவர் தட்டிலிருக்கும் வடை வரை வந்து சேர்ந்திருக்கின்றன.

நிலத்தை அவர் இன்னும் காணியில்தான் அளக்கிறார். ஒரு காணி 1.32 ஏக்கர், மனைக்கணக்கில் 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டு 24. எனவே, “கோவளத்துக்குத் தெக்கே ஏதோ அரைக்காணி சவுக்கு கிடக்கு, மணல்தான், ஒண்ணுக்கும் ஆகாது” என்று அவர் சலித்துக்கொள்ளும்போது, கேட்பவர் மனத்துக்குள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 12 கிரவுண்டு என்று பெருக்கிப் பார்த்து நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். நில உச்சவரம்பு 1961இல் 30 தர ஏக்கராகவும் 1970இல் 15 தர ஏக்கராகவும் ஆனபோது இந்நிலங்கள் எந்தெந்த அத்தை, சித்தி, பிறக்கவிருந்த பேரன் பெயர்களில் ஒதுங்கின என்பது தனி ஆய்வுக்குரியது.

அவரிடம் நல்லதே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. எந்த ஏரியின் கலங்கல் எந்த வாய்க்காலில் விழும், எந்த மதகு எந்த ஆண்டு பழுதானது, எந்த வீட்டுப் பெண் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் மிகுநீர் வழியும் இடம். அதன் போக்கை அடைத்து மனை போட வந்தவர்களிடம் அவர் விற்க மறுத்ததால், அடைமழையில் மூழ்காமல் தப்பிய தெருக்கள் உண்டு. சாவுக்கு முதலில் வந்து கடைசியில் போகிறவரும் அவரே. 2014 ஜூலையில் வேட்டி கட்டிய காரணத்துக்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே சென்னையின் கிரிக்கெட் மன்றம் ஒன்று உள்ளே விடாததும், அடுத்த மாதமே அதைத் தடுக்கச் சட்டமன்றம் சட்டம் செய்ததும் நினைவிருக்கலாம். பழுப்பு வேட்டியோடு ஆட்சியர் அறை வரை கூசாமல் போகிற அவரைப் பார்த்துத் தைரியம் கொண்ட எளியவர்கள் அதற்கு முன்பும் உண்டு, பின்பும் உண்டு.

ஆனால் எளியவரின் வேட்டி வேறு வழியில்லாமல் பழுத்தது. தம் எளிமையைப் பற்றி ஊர் பெருமையாகப் பேசுவதைப் பெரிய வீட்டார் அனுபவிக்கிறார். அந்த எளிமைக்கான செலவைத் தேநீர்க்காரரும், பம்ப் செட்டு பழுது பார்ப்பவரும், தேங்காய் பறிப்பவரும், ஓட்டுநரும் செய்கிறார்கள். அறுப்புக் கூலியை அடுத்த வெள்ளிக்கிழமை என்பார். வெள்ளிக்கிழமை லட்சுமி வெளியே போகக்கூடாது என்பார். இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடியவில்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் இம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கையில், சேரியின் குடிசை மனைகூட மிராசுதாரர் பிடியில் இருந்ததையும், எதிர்த்தால் வெளியேற்றப்படலாம் என்ற அச்சத்தில் படியாள்கள், அதாவது கூலியை நெல்லாகப் பெறும் நிலையான ஆட்கள், கடனில் கட்டுண்டு கிடந்ததையும் பதிவுசெய்தார். அதன் பயனாக 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அன்று கொடுப்பதைத் தள்ளிப்போட்டவர்கள் பாட்டனார்கள். தொகை சிறுத்திருக்கிறது, தள்ளிப்போடுதல் சிறுக்கவில்லை. பத்து ரூபாய் அவருக்கு ஒன்றுமில்லை என்பதாலேயே, அது மற்றவருக்கு ஏதோ ஒன்று என்பது அவருக்கு எட்டுவதில்லை.

இப்படிக் கூலி நின்றவர்களுள் தையற்காரர் மட்டுமே ஒரு முறை எதிர்த்துப் பார்த்தவர். மூன்று தீபாவளிக் கூலி நின்றுபோன நிலையில், நாலாம் தீபாவளிக்குச் சட்டை தைக்கும்போது, சொல்லாமலே, தம் சொந்தத் துணியில், இட மார்பில் அகலமான பை ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பினார். பெரிய வீட்டார் அதன் பொருளை உடனே புரிந்துகொண்டார் என்றுதான் கொள்ளவேண்டும்; ஏனெனில் மறுநாள் காலையிலேயே, பையைப் பிரித்துவிட்டு, பிரித்த துணியில் ஒரு கைக்குட்டையும் தைத்துக் கொடுக்கும்படி சட்டை திரும்பி வந்தது. பிரித்த கூலியும் கைக்குட்டைக் கூலியும் பழைய கணக்கோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றன.