நாற்காலி வைத்தார்க்கே தெரு: பிட்ஸ்பர்க் வழக்காறு குறித்து ஓர் ஆய்வு

பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரைப் பற்றி எழுதியவர்கள் எஃகு ஆலைகளை எழுதியிருக்கிறார்கள். மூன்று ஆறுகளையும் நானூற்றுச் சொச்சம் பாலங்களையும் எழுதியிருக்கிறார்கள். கார்னகியின் நூலகங்களையும் ஹெய்ன்ஸின் கெச்சப்பையும்கூட விட்டுவைக்கவில்லை. அந்நகரின் உண்மையான ஆட்சிப்பீடத்தை மட்டும் தமிழில் எவரும் தீண்டியதாக இவ்வாய்வாளருக்குத் தெரியவில்லை. தெருவோரத்தில், கார் நிற்கவேண்டிய இடத்தில், தன்னந்தனியாக நிற்கும் ஓர் ஓட்டை நாற்காலிதான் அது. ஊர்க்காரர்கள் அதைப் ‘பார்க்கிங் சேர்’ என்கிறார்கள். அக்குறையைப் போக்க எழுந்தது இக்கட்டுரை.

முதலில் வரையறை. காரை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்புகிறவர், தாம் திரும்பும்வரை தம் வீட்டு வாசலில் வேறு வண்டி வந்து நின்றுவிடாதிருக்க, காலியான இடத்தில் வைத்துவிட்டுப் போகும் இருக்கையே தெருநாற்காலி. சட்டத்தின் முன் அதற்குக் காலணா மதிப்பில்லை. தெரு பொது, இடம் கண்டவர் நிறுத்தலாம். நாற்காலியைத் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டு வண்டியை விட்டால் வழக்கு ஏதும் வராது. ஆனால் யாரும் தூக்குவதில்லை. இரண்டு கிலோ பிளாஸ்டிக் இரண்டு டன் வண்டியை எப்படித் தடுக்கிறது என்பதே நாம் எடுத்துக்கொண்ட புதிர்.

இந்த வழக்கம் ஏன் இந்த ஊரில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்று கேட்டால், மலையைத்தான் குற்றம் சொல்லவேண்டும். சவுத் சைட் ஸ்லோப்ஸ், போலிஷ் ஹில் போன்ற பகுதிகள் கார் என்ற பொருள் தெருவுக்கு வருமுன்பே ஆலைத் தொழிலாளிகளுக்காக எழுந்தவை. சுவரோடு சுவர் ஒட்டிய குறுகிய வீடுகள். கார் கொட்டகைக்கு இடம் விடவேண்டும் என்று எவருக்கும் தோன்றியிருக்க நியாயமில்லை. தொழிலாளி காலையில் படியிறங்கி ஆற்றங்கரை ஆலைக்குப் போனார். மாலையில் மூச்சு வாங்க ஏறி வந்தார். இன்றும் நகரில் சுமார் 800 பொதுப் படிக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பல, நகராட்சி வரைபடத்தில் தெரு என்றே பதிவானவை. பெயர்ப்பலகை உண்டு, கதவிலக்கம் உண்டு, ஆனால் நடுவில் சாலைக்குப் பதிலாகப் படி. அந்தத் தெருக்காரருடைய காரும் பக்கத்துத் தெருவில்தான் அடைக்கலம் தேடவேண்டும். சக்கரம் போகக்கூடிய தெருக்களின் லட்சணமோ, பீச்வியூ பகுதியின் கேன்டன் அவென்யூவில் தெரியும். அங்கே சரிவு 37 விழுக்காடு. அதில் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர் கடவுள் நம்பிக்கை உள்ளவராகத்தான் இருக்கவேண்டும்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழலாம். 1950இல் 6,76,806 பேர் வாழ்ந்த நகரில் 2020 கணக்குப்படி 3,02,971 பேரே இருக்கிறார்கள். ஆலைகள் மூடின, ஆட்கள் போனார்கள். பாதிக்கு மேல் ஊர் காலியான பிறகும் இடத்துக்கு எதற்கு அடிதடி? ஆட்கள் போனது மெய். இருப்பவர்கள் வாங்கிக் குவித்த கார்கள் போகவில்லை. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, மாடியிலிருக்கும் மகனுக்கு ஓடாத ஒன்று. நாற்காலியின் பகைவன் ஜனநெருக்கடி அல்ல, ஓடாத கார் என்பது இவ்வாய்வாளரின் தனிப்பட்ட கருத்து. இதை மறுப்பவர் அந்த மகனின் உறவினராக இருக்கக்கூடும்.

அடுத்து, உழைப்புக் கோட்பாடு. 2010 பிப்ரவரி 5, 6 தேதிகளில் பிட்ஸ்பர்க்கில் 21 அங்குலப் பனி கொட்டியது. ஒரு கார் நிற்கும் இடம் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம் என்று கொள்வோம். அதன்மேல் அரை மீட்டருக்குச் சற்றே மிகுந்த பனி. விழுந்தவுடன் பஞ்சுபோல் இருக்கும் பனியே கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ தேறும். கூட்டிப் பெருக்கினால், ஒருவர் தம் காரை வெளியே எடுக்க முக்கால் டன்னை மண்வாரியால் அள்ளி எங்கோ போடவேண்டும். ‘எங்கோ’ என்பது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே அள்ளி முடித்த இடம். இது போதாதென்று, நகராட்சியின் பனிவாரி லாரி நடுத்தெருவைச் சுத்தம் செய்கிறேன் என்று வந்து, ஒதுக்கிய பனியையெல்லாம் ஓரத்து வண்டிகளின்மேல் சுவர்போல் எழுப்பிவிட்டுப் போகும். மறுபடி முதலிலிருந்து. இடுப்பு ஒடிய அள்ளிய இடத்தை, பால் வாங்கப் போன பத்து நிமிடத்தில் எவரோ ஒரு வழிப்போக்கர் வண்டியை விட்டு நிரப்பினால் மனிதனுக்கு என்ன தோன்றும்?

என்ன தோன்றும் என்பதை ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக் 1689இலேயே எழுதிவிட்டார். பொதுவாகக் கிடக்கும் பொருளில் ஒருவர் தம் உழைப்பைக் கலந்தால் அது அவருடையதாகிறது என்பது அவருடைய புகழ்பெற்ற வாதம். அவர் மனத்தில் இருந்தது நிலமும் ஆப்பிளும். நம் காலத்து அறிஞர்கள் அதைத் தெருப்பனிக்கு நீட்டிவிட்டார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துச் சமூகவியலாளர் சூசன் சில்பி, பனித்தெருவில் வைக்கப்படும் நாற்காலிகளைப் பற்றியே கட்டுரை எழுதி, அதன் தலைப்பிலேயே லாக்கை இழுத்திருக்கிறார். சட்ட அறிஞர் ரிச்சர்ட் எப்ஸ்டைன் 2002இல், பொதுத்தெருவில் வண்டி நிறுத்தும் இடம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று ஒரு முழுக் கட்டுரை வரைந்தார். இக்கட்டுரையை விளையாட்டு என்று எண்ணிப் படிக்கத் தொடங்கியவர்கள் நிமிர்ந்து உட்காரவும்.

ஒப்பியல் நோக்கில் நம் பேருந்துத் துண்டையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். ஜன்னல் வழியே துண்டை எறிந்து இடம் பிடிப்பவர் அந்த இருக்கைக்காக ஒரு சொட்டு வியர்வையும் சிந்தியவர் அல்லர். கை நீளம் ஒன்றே அவருடைய உரிமைப் பத்திரம். அப்படிப் பார்த்தால் லாக்கின் நீதிமன்றத்தில் துண்டு தோற்கும், நாற்காலி வெல்லும்.

ஆனால் அவசரப்படக்கூடாது. பிற நகரங்களில் இந்தக் கோட்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது. பாஸ்டனில் பனி அவசரநிலை முடிந்து 48 மணி நேரம்வரை இடத்தைப் பிடித்து வைக்கலாம் என்று நகராட்சியே காலவரை வைத்திருக்கிறது. அங்கேயே சவுத் எண்ட் பகுதி மட்டும் 2015 முதல் இந்த வழக்கமே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. சிகாகோவில், ‘இது எனக்கு’ என்று பொருள்படும் ‘டிப்ஸ்’ (dibs) என்ற பெயரில் பனிக்காலம் தோறும் சமையலறைச் சாமான்கள் தெருவுக்கு வருகின்றன. பிலடெல்பியா காவல்துறையோ, இடம் பிடித்து வைக்காதீர்கள் என்று சமூக ஊடகத்தில் ஒரு பிரசாரமே நடத்திப் பார்த்தது. இந்த மூன்று ஊர்களிலும் பனி உருகினால் நாற்காலியும் வீட்டுக்குள் போய்விடும். பிட்ஸ்பர்க்கில் ஜூலையிலும் நிற்கும். வெயில் கொளுத்துகிறது, அள்ள ஒரு மண்வாரிப் பனி இல்லை, நாற்காலி மட்டும் கம்பீரமாக. அங்கே கலந்த உழைப்பு எது? லாக் விழிக்கிறார். நாமும் வேறு கோட்பாடு தேடவேண்டியதாகிறது.

அதற்கு நாற்காலியையே நெருங்கிப் பார்க்கவேண்டும். களத்தில் காணப்படும் முதன்மை வகை, பளபளக்கும் உலோகக் காலும் வினைல் மெத்தையும் கொண்ட பழைய சாப்பாட்டு மேசை நாற்காலி. மெத்தையின் ஓரம் பிளந்து, மஞ்சள் பஞ்சு எட்டிப்பார்க்கும். பிளவின்மேல் ஒட்டிய சாம்பல்நிற நாடாவும் பாதி உரிந்திருக்கும். காலில் ஒன்றுக்கு ரப்பர் குப்பி இருக்காது, அதனால் சற்றே சாய்ந்து நிற்கும். அடுத்தது, பட்டை பின்னிய மடக்கு அலுமினிய நாற்காலி. காற்றடித்தால் தானாகவே பக்கத்து வீட்டு உரிமையைக் கோரப் போய்விடும் குறையுடையது. கறுப்பும் பொன்னிறமும் அடித்த நாற்காலிக்கு மட்டும் தனி மரியாதை. அவ்வூரின் அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால், ஐஸ் ஹாக்கி அணிகள் மூன்றுக்கும் அதுவே நிறம்; அதைத் தொடுவது மதவிரோதத்துக்குச் சமம். ஆரஞ்சுக் கூம்பு, துணி தேய்க்கும் பலகை, செத்துப்போன வாக்குவம் கிளீனர் ஆகியவற்றையும் நாற்காலிக் குடும்பத்திலேயே சேர்க்கவேண்டும் என்பது தாராளவாதிகள் கட்சி. இவ்வாய்வாளர் பழமைவாதி. உட்கார முடியாதது நாற்காலியாகாது.

நல்ல நாற்காலியை எவரும் தெருவில் வைப்பதில்லை என்பதைக் கவனிக்கவும். நல்லதை வைத்தால் திருட்டுப் போகும். மிகக் கனமானதை வைத்தால் மிரட்டலாகத் தெரியும். எழுபது வயதுப் பாட்டி ஒற்றைக் கையால் தூக்கக்கூடியதாகவும், எவரும் வீட்டுக்கு எடுத்துப்போக ஆசைப்படாததாகவும், ஆனால் அது யாருடையது என்று தெரு முழுவதும் அறிந்ததாகவும் இருக்கவேண்டும். கடைசி நிபந்தனையில்தான் விஷயம் இருக்கிறது. அந்த மஞ்சள் பஞ்சு இன்னார் வீட்டுச் சமையலறையில் நாற்பது வருஷம் கிடந்தது என்று எதிர்வீட்டாருக்குத் தெரியும். அதில் உட்கார்ந்து காபி குடித்தவர்கள் உண்டு. நாற்காலியைத் தூக்குகிறவர் பிளாஸ்டிக்கைத் தூக்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் திரைச்சீலையை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருப்பவரை அவமதிக்கிறார். இப்படிப் பார்ப்பவரை அவ்வூரில் ‘நெபி’ என்பார்கள். வசைதான், ஆனால் நாற்காலி விஷயத்தில் அவர் சம்பளம் வாங்காத ரிஜிஸ்திரார். பாஸ்டன் நகராட்சி 48 மணி என்று எழுதிவைத்ததை, இவர்கள் பார்வையாலேயே நிர்வகிக்கிறார்கள். ஒரு நாற்காலி மூன்று வாரமாக நகராமல் நின்றால் முணுமுணுப்பு தொடங்கும். முணுமுணுப்பு உரியவர் காதை எட்டினால் காலக்கெடு முடிந்தது.

இதே சட்டமன்றம் இயற்றிய இன்னொரு சட்டமும் உண்டு. பச்சை விளக்கு விழுந்ததும், இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் முதல் வண்டிக்கு எதிரே வருபவர் வழிவிடுவார். இதைப் ‘பிட்ஸ்பர்க் லெஃப்ட்’ என்பார்கள். எழுதிய சட்டம் இதற்கு நேர் எதிர். எழுதாத சட்டப்படி, வழிவிடாதவர் வெளியூர்க்காரர்.

வெளியூர்க்காரர் என்றதும் ஒரு வழக்கைப் பதிவுசெய்தாகவேண்டும். அங்கே மேற்படிப்புக்கு வந்த நம்மூர்ப் பையன் ஒருவன் முதல் வாரமே தன் அறைத்தோழனிடம் பெருமையாகச் சொன்னான்:

“அண்ணா, ரோட்டுல ஒரு சேர் சும்மா கிடந்துச்சு. தூக்கிட்டு வந்துட்டேன். படிக்க வசதியா இருக்கும்.”

“ரோட்டுலன்னா? பிளாட்பாரத்துலயா, தார்லயா?”

“தார்லதான். ஏன்ணா?”

“அய்யோ, கொண்டுபோய் வச்சுட்டு வாடா!”

பையன்மேல் குற்றமில்லை. மாணவர்கள் வீடு மாறும் ஆகஸ்ட் மாதத்தில் நடைபாதையில் மேசையும் மெத்தையும் மலைபோல் குவியும், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். அதே நாற்காலி நடைபாதை விளிம்பிலிருந்து ஓர் எட்டு கீழே இறங்கி நின்றால் சொத்துரிமை. நடுவில் இருப்பது ஆறு அங்குல உயரமுள்ள ஒரு கான்கிரீட் விளிம்பு. அறத்துக்கும் திருட்டுக்கும் இவ்வளவு மெல்லிய எல்லைக்கோடு வேறெங்கும் போடப்பட்டதாக இவ்வாய்வாளர் அறியார். பையன் இருட்டியபின் கொண்டுபோய் வைத்தான். எதிர்வீட்டுத் திரைச்சீலை அசைந்ததாகச் சொன்னான்.

பையன் அறியாமல் செய்தான். அறிந்தே செய்கிறவர்களும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். பழைய பிஸ்கட் ஆலையாக இருந்த பேக்கரி ஸ்கொயருக்கு 2010இல் கூகுள் வந்தது. லாரன்ஸ்வில் பகுதியில் ரோபோ நிறுவனங்கள் குடியேறின. சம்பளமும் வாடகையும் ஏறின. புதிதாக வந்தவருக்கு நாற்காலி யாருடையது என்று தெரியாது. ஆகவே அவருக்கு அது வெறும் நாற்காலி. தூக்கி வைத்துவிட்டு வண்டியை விடுவார். பிறகு வைப்பரில் ஒரு சீட்டு செருகியிருக்கும், அல்லது அள்ளிய பனி மொத்தமும் அவருடைய வண்டிமேல் திரும்பி வந்திருக்கும். சீட்டுகளின் உரைநடையைத் தனி ஆய்வாகவே செய்யலாம். அச்சில் ஏற்றத்தக்கவை குறைவு. குழந்தைகளுக்கு அண்டை அயல் அன்பைக் கற்றுக்கொடுத்த ஃபிரெட் ராஜர்ஸின் தொலைக்காட்சி நிகழ்ச்சி 1968 முதல் 2001 வரை நாடெங்கும் ஓடியது. அதைத் தயாரித்ததும் இதே ஊர்தான். அவருடைய அண்டையில் குட்டி டிராம் வண்டி ஓடியது. கார் நிறுத்த இடம் தேடுவது அந்த அன்பைச் சோதித்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

நகருக்குத் தெற்கே கேனன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் இந்த வழக்கம் நடைபாதைக்கே ஏறிவிட்டது. ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலத்தைப் பார்க்க, முன்கூட்டியே தெருநெடுக நாற்காலி போட்டு இடம் பிடிக்கிறார்கள். அது கட்டுக்கடங்காமல் போய், எப்போது முதல் வைக்கலாம் என்று ஊராட்சியே நேரம் குறிக்கவேண்டி வந்தது. இங்கே நாற்காலி உட்காருவதற்கே பயன்படுகிறது என்பதால், தூயவாதிகள் இதைச் சீரழிவு என்பார்கள்.

தீர்வு காணாத சிக்கல் ஒன்று மிஞ்சுகிறது. இரவில் பனி விழுந்து நாற்காலியே புதைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலையில், இடம் யாருடையது என்று அறியாத ஒருவர் முக்கால் டன் பனியையும் அள்ளுகிறார்; அள்ளி முடித்தபோது அடியில் வினைல் நாற்காலி தட்டுப்படுகிறது. உழைப்பு அவருடையது. நாற்காலி பாட்டியுடையது. பிட்ஸ்பர்க்கின் ப்ளூம்ஃபீல்ட் பகுதியில் இதைப் பற்றி விசாரித்தபோது, கல்லூரியில் படிக்கும் பேரன் அள்ளியவருக்கே இடம் என்றான். பாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்து, அள்ளியவருக்கு ஒரு தட்டு குக்கி கொடுத்தனுப்பினால் போதும் என்றார். இடத்தைப் பற்றிப் பேசவே இல்லை.