ஃபியூஸ் மரணவியல்: வால்வு ஆம்ப்ளிஃபயரை முன்வைத்து ஒரு பெங்களூரு ஆய்வு

1. தோற்றுவாய்

ஃபியூஸின் இறப்பை ஆராயப் பெங்களூரை விடத் தக்க களம் கிடையாது. சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் 1905-லேயே இவ்வூர்த் தெருவிளக்கை எரித்தது. 1954-இல் பிறந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1960-களில் ஜாலஹள்ளியில் ரேடியோ வால்வுகள் செய்தது. மின்சாரமும் வால்வும் ஒருங்கே வாய்த்த ஊரில் கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸ் போவது வரலாற்றுத் தேவை என்க.

2. முன்னோர் கொள்கைகள்

“ஃபியூஸ்தானே சார், மாத்திட்டா சரி” என்பது முதற்கொள்கை. மாற்றியதும் போகும். சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளைச் சுற்றுவது இரண்டாம் கொள்கை. ஃபியூஸ் பிழைக்கும், டிரான்ஸ்ஃபார்மர் எரியும். “1 ஆம்பியருக்கு 5 ஆம்பியர் போட்டால் தாங்கும்” என்பாரும் உளர். தாங்குவது ஃபியூஸ் மட்டுமே ஆதலின் அது பொருந்தாது. 120 வோல்ட் அமெரிக்கப் பெட்டியை நம் 230 வோல்ட்டில் நேரே செருகுவோருக்கு ஆய்வே வேண்டாம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

3. பிரேதப் பரிசோதனை

போன ஃபியூஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க. கண்ணாடி தெளிவாயிருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால், சுமை சற்றே மிஞ்சியிருக்கிறது. அல்லது ஸ்லோ-ப்ளோ இருக்கவேண்டிய இடத்தில் சாதா ஃபியூஸ் இருந்து, ஆன் செய்த கணத்துப் பாய்ச்சலுக்கே பலியாகியிருக்கிறது. கண்ணாடி கருத்தோ வெள்ளி படர்ந்தோ இருந்தால், முழு ஷார்ட்.

4. ஆய்வு முறை

மின்பொருட் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் தேடி ஒரு 100 வாட் குண்டு பல்பு வாங்கி, போன ஃபியூஸின் இடத்தில், மின்வழியில் சீரீஸாக இணைக்க. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. எல்லா வால்வுகளையும் கழற்றிவிட்டு ஆன் செய்க. பல்பு முழுப் பிரகாசத்தில் நின்றெரிந்தால், டிரான்ஸ்ஃபார்மர், டயோடு, ஃபில்டர் கண்டென்சர் ஆகியவற்றைச் சந்தேகிக்க. பளிச்சிட்டு மங்கினால், ஒவ்வொரு முறையும் ஆஃப் செய்து, வால்வுகளை ஒன்றொன்றாகச் செருகுக. எது ஏறியதும் பல்பு மங்க மறுக்கிறதோ, குற்றம் அந்த வால்விலோ அதன் சுற்றிலோ உள்ளது.

பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சரில் 400 வோல்ட்டும் அதற்கு மேலும் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வைத்து அதை வடிக்காமல் உள்ளே கையை விடுவோர், ஆய்வாளர் நிலையிலிருந்து ஆய்வுப்பொருள் நிலைக்கு மாறுவர்.

5. முடிபு

புது ஃபியூஸ் கடைசியில் வாங்கத் தக்கது. அதே வகை, அதே ஆம்பியர், ஒன்றே ஒன்று. முதலிலேயே பாக்கெட்டாக வாங்குபவர் தம் நோயறிதலைத் தாமே நம்பாதவர் என்பது பெறப்படும்.