தலைக்கு மேலே ஆறு

கேள்வி: நீர் ஊறிய மணலுக்கு அடியில் நிலக்கரி வெட்டினால் ஆபத்தில்லையா?

பதில்: காய்ந்தால்தான் அது மணல், ஊறிவிட்டால் அதுவும் ஆறுதான். சின்ன ஓட்டை கிடைத்தால் போதும், கூழாங்கல் சகிதம் சுரங்கத்துக்குள் குடியேறிவிடும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சஸ்குவஹன்னா ஆற்றுக்கு அடியில் பனியுகப் பள்ளத்தாக்கு ஒன்று மணலும் சரளையும் நிரம்பிப் புதைந்து கிடக்கிறது. அதற்கும் கரிக்கும் நடுவே இருக்கும் பாறைதான் கூரை. குறைந்தது 35 அடி இருக்க வேண்டும் என்பது விதி. நாக்ஸ் நிறுவனத்தின் சுரங்கத்தில் அதைச் சில அடியாகச் சுரண்டிவிட்டார்கள். 1959 ஜனவரி 22 அன்று ஆறே உள்ளே இறங்கியது. இருந்த 81 பேரில் 69 பேர் தப்பினர். மீதி 12 பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. ஆற்றில் உண்டான சுழியை அடைக்க ரயில் பெட்டிகளையே தள்ளிப் பார்த்தார்கள். (ஆற்றுக்கு ரயில் விட்ட ஊர் வேறு உண்டா?) உள்ளே போன தண்ணீர் சுமார் 1000 கோடி காலன்.

தப்பிக்க வழி? மேலிருந்து துளையிட்டுப் பாறையின் கனத்தை அளப்பது, வெட்டும் திசையில் முன்கூட்டியே துளைபோட்டுப் பார்ப்பது, கரியில் ஒரு பகுதியைத் தூணாக விட்டுவைப்பது. முதலாளிக்கு வலிப்பது இந்தக் கடைசி வழிதான்.

நெய்வேலியில் கதை தலைகீழ். அங்கே பழுப்பு நிலக்கரிக்குக் கீழிருந்து தண்ணீர் முட்டுகிறது. இரவுபகலாக இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.