கார் ஷெட் மயன்

பணி ஓய்வு விழாவில் போட்ட மாலை வாடுவதற்குள் இவர் வீட்டுக் கார் தெருவுக்கு வந்துவிடும். ஷெட் இனிமேல் பட்டறை. கார் வேப்பமரத்தடியில், காக்கைகளின் பொறுப்பில். கோவையில் தெருவுக்கு ஒருவர் இப்படி அகப்படுவார். பம்பும் மோட்டாரும் கிரைண்டரும் செய்கிற ஊர். முப்பது வருடம் பேரேடு எழுதியவருக்குள்ளும் ஒரு ஜி.டி. நாயுடு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் தெருக்காரர் ஸ்டூல், முக்காலி என்று அற்பமாகத் தொடங்கவில்லை. முதலில் வேலை மேஜை, மற்றதெல்லாம் அதன்மேல். இடித்த வீட்டுக் கதவொன்றைத் தூக்கிவந்து 'பர்மா தேக்கு' என்றார். யாராவது வேம்பு என்று சொல்வதற்குள் பாலிஷ் போட்டுவிடும் அவசரம் தெரிந்தது. உயரம்? கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை நிற்கும் இடம். இழைப்புளி தள்ள அதுதான் தோது. அம்மணி டேப் பிடித்து அளந்ததில் காலையில் 34 அங்குலம், மாலையில் 33. காலையில் காலில் செருப்பு இருந்ததா என்ற வழக்கு மூன்று நாள் நடந்தது.

முழுப் பித்தும் பாலிஷில்தான் வெளிப்பட்டது. 80ஆம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 120, 180, 220 என்று ஏற ஏற, முகத்தில் மலையேறும் பக்தரின் சாந்தம். "ரேகையோடயே தேய்க்கோணுங்க. குறுக்க இழுத்தா, எண்ணெய் பட்டதும் கீறல் பல்லக் காட்டிப்போடும்." அது சரிதான். தூள் சாம்பார் வரைக்கும் போனதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

பிறகு ஆளிவிதை எண்ணெய், மூன்று கை. அது தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். படித்தவர், ஜாக்கிரதையாகக் கொடியில் விரித்துக் காயப்போட்டார். விரித்த பிறகுதான் அது நெகமம் சேலை என்று வீட்டில் தெரிந்தது. தீ வேறிடத்தில் பிடித்தது.

சுவரில் பலகை அடித்து ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி. சுற்றிலும் அதன் உருவம் கோடாக. உளி மாறித் தொங்கினால் அவருக்குத் தூக்கம் வராது. உக்கடம் பழைய இரும்புக் கடையில் பிடித்த வைஸுக்குத் தோல் ஒட்டினார், மரத்தில் தடம் விழக்கூடாதாம். எந்த மரத்தில் என்று நான் கேட்கவில்லை. மேஜைமேல் இதுவரை ஓர் ஆணிகூட அடிக்கப்படவில்லை. டீ டம்ளருக்கே தடை.

போன வாரம் கட்டில் கால் ஆடுகிறதென்று அம்மணியே ஆசாரியை வரவழைத்தார். இவர் ஓடிவந்து, "இதுமேல வெச்சுச் செய்யுங்க ஆசாரி" என்றார், குரல் லேசாக நடுங்க. ஆசாரி பலகையைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா வழவழன்னு இருக்குதுங்க."

கையிலிருந்த தூக்குப்போசியை அதன்மேல் வைத்தார். தரையில் உட்கார்ந்து, கட்டில் காலை இரண்டு பாதங்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு இழைக்கத் தொடங்கினார். நம்மவர் தூக்குப்போசிக்கு அடியில் வைக்கப் பழைய பேப்பர் தேடி வீட்டுக்குள் ஓடினார்.