மிதிப்பவனை வாழவைக்கும் திருவனந்தபுரம்

சைக்கிள்காரன் மேல் திருவனந்தபுரத்துக்கு இருக்கும் அக்கறை வேறெந்த ஊருக்கும் வராது. சமதரை ஊர்கள் மிதிக்கிறவனைச் சோம்பேறியாக்கிக் கெடுத்துவிடும். இங்கே அந்தப் பயமே வேண்டாம். பாளையத்திலிருந்து பி.எம்.ஜி. தாண்டிப் பிளாமூட்டுக்கு மிதிக்காமலேயே இறங்கலாம். சந்தோஷம் மூச்சுக்குள் இறங்குவதற்குள் பட்டம் போகும் ஏற்றம் எதிரே நிற்கும். இறக்கத்தில் சேர்த்த வேகத்தை அப்படியே ஏற்றத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்று சிலர் குறுக்குவழி பார்ப்பார்கள். அதற்கென்றே அடிவாரத்தில் ஒரு பஸ் குறுக்கே வந்து ஆளேற்றும். உழைத்துத்தான் உண்ண வேண்டும் என்பதில் இந்த ஊர் அவ்வளவு கண்டிப்பு.

மேட மாதத்தில், அதாவது நம் சித்திரையில், வியர்வை உலராது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது பாவம், அது எங்கே போகும்? சட்டையிலேயே குடியிருந்துவிடும். ஆபீசில் ஃபேனுக்கு நேர்கீழே நமக்கென்று தனியாக ஒரு நாற்காலி. பக்கத்தில் யாரும் வந்து தொந்தரவு செய்யமாட்டார்கள்.

ஜூன் பிறக்கும்போது இடவப்பாதி மழை. மழைக்கோட்டு போட்டால் உள்ளிருந்து நனையலாம், போடாவிட்டால் வெளியிலிருந்து. ப்ரேக் பிடித்தால் கட்டைகள் முதலில் ரிம்மில் உள்ள தண்ணீரைப் பொறுமையாகத் துடைக்கும். வண்டியை நிறுத்துவதெல்லாம் பிறகுதான். ராத்திரி எண்ணெய் காட்ட மறந்த செயின் விடிவதற்குள் காவி கட்டிவிடும். நாலு நாள் எடுக்காமல் வைத்தால் சீட்டில் பூசணம் பூக்கும், ஹெல்மெட் வாரிலும்தான்.

தம்பானூரைத் தனியாகப் பாராட்ட வேண்டும். சுற்றியுள்ள மேடுகளின் தண்ணீரெல்லாம் வந்துசேரும் பள்ளம் அது. அதை வடிக்க வேண்டிய ஆமயிழஞ்சான் தோடு என்ற கால்வாய் ரயில் நிலையத்துக்கு அடியில் நுழைந்து போகிறது. 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று பெயர் வைத்துத் தோடுகளைத் தூர்வாரினார்கள். பெயர் நன்றாகவே அமைந்தது: அனந்தம் என்றால் முடிவில்லாததுதானே. கனமழைக்குத் தண்ணீர் இன்றைக்கும் வந்து நலம் விசாரித்துப் போகிறது.

ஐப்பசி மழையான துலாவர்ஷம் நேரம் தவறாது. காலையில் பளிச்சென்ற வெயில் காட்டி மழைக்கோட்டை வீட்டிலேயே விட்டு வரச் செய்யும். வேலை முடிந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும் நேரத்துக்கு இடியோடு வந்து நிற்கும்.

தனுவும் மகரமும், அதாவது மார்கழியும் தையும்தான், மிதிக்க உகந்த மாதங்கள். காலையில் கொஞ்சம் குளிர்ச்சி, சாலையும் காய்ந்திருக்கும். இப்படியே விட்டால் சைக்கிள்காரனுக்குத் தலைக்கனம் ஏறிவிடாதா? மழையில்லாத காலத்தில்தானே சாலையைத் தோண்ட முடியும்! 2024இல் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்காக, நகரின் நடுவே பல சாலைகளை ஒரே சமயத்தில் தோண்டினார்கள். ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடுவது என்ற பாரபட்சம் பார்க்கவில்லை. மே மாதம் மழை முந்திக்கொண்டு வந்து குழிகளை நிரப்பியது. தண்ணீர் பார்க்கச் சங்குமுகம் கடற்கரைவரை மிதிக்கிற சிரமமும் அதோடு தீர்ந்தது.