பஞ்சுமிட்டாய் வாசம்

கேள்வி: விலை மலிவான வெனிலா சென்ட் வாங்கினேன். அடித்துக்கொண்டால் பஞ்சுமிட்டாய் வாசம்தான் வருகிறது. இது அசல் வெனிலாதானா?

பதில்: காயிலிருந்து வந்திருக்காது. அசல் வெனிலாக் காயில் இருநூறுக்கும் மேற்பட்ட மணப்பொருள்கள் உண்டு. புகை, தோல், உலர்திராட்சை என்று லேசாகத் தலைகாட்டும். மலிவு சென்ட்டில் பெரும்பாலும் ஆலையில் செய்த வெனிலின், அதைவிட வீரியமான எத்தில் வெனிலின், கூடவே எத்தில் மால்ட்டால். பஞ்சுமிட்டாய் இந்தக் கடைசி ஆசாமியின் கைவரிசை. அதற்காக முகம் சுளிக்காதீர்கள். ஜெர்மானிய வேதியியலாளர்கள் 1874-லேயே பைன் மரச் சாற்றிலிருந்து வெனிலின் செய்துவிட்டார்கள். 1925-இல் பாரிஸையே மயக்கிய ஷாலிமார் சென்ட்டிலும் எத்தில் வெனிலின்தான் கமழ்ந்தது! வெனிலின் சட்டென்று ஆவியாகாது, மாலைவரை கூடவே வரும். ஒருமுறை அடித்தால் போதும். இரண்டாம் முறை அடித்தால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்குப் பசியெடுக்கும்.