பொம்மை ரயிலுக்குத் திரும்புவோரின் கனிவான கவனத்திற்கு

பணி ஓய்வு வந்தாயிற்று. பரணிலிருந்து பழைய ரயில் செட்டும் இறங்கிவிட்டது. கொலுப் பூங்காவைச் சுற்றி வண்டி ஓடவிட்ட கை, சும்மா இருக்குமா? “பாதை நிஜம் மாதிரியே இருக்கணும், ஆனா ரெடிமேடா கிடைக்கணும்” என்கிறீர்கள். திண்டுக்கல் பக்கத்து அகரத்தில் உட்கார்ந்தபடியே அதைக் கெடுத்துக்கொள்ளும் முறை இதோ.

1. பணம் முழுவதையும் எஞ்சினில் போடுங்கள். மிச்சம் மீதியில் தண்டவாளம். 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. சுங்கக் கணக்கில் மாடல் ரயிலும் பொம்மைதான். ஆகவே வெளிநாட்டு மச்சானைப் பிடியுங்கள். அளவெல்லாம் சொல்லிக் குழப்பாதீர்கள். “நல்லதா ரெண்டு பெட்டி தண்டவாளம்” என்றால் போதும்.

2. ‘கோட் 100’, ‘கோட் 75’ என்று இரண்டு இருந்தால் பெரிய எண்ணை எடுங்கள். நூறு மார்க் அல்லவா! அந்த எண் தண்டவாளத்தின் உயரம். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் நூறு பங்கு, அதாவது 2.54 மி.மீ. ஹெச்.ஓ. மாடல் என்பது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு; ஆகவே 87-ஆல் பெருக்கினால் 22 செ.மீ. நம் மெயின் லைன்களில் கிடக்கும் 60 கிலோ தண்டவாளமே 17.2 செ.மீ.தான். கோட் 75 ஏறக்குறைய சரியாக வரும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

3. அகலத்தை அளக்கவே அளக்காதீர்கள். நம் பிராட் கேஜ் 1676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும். பெட்டியில் வருவது 16.5, ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதைக்கு அச்சாகப் பொருந்தும். 1875-ல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் போட்ட மீட்டர் கேஜை அமைப்பதென்றால், சுவிட்சர்லாந்து மாடல்காரர்கள் வாங்கும் 12 மி.மீ. பாதையே கிட்டத்தட்டப் பொருந்தும். ஆக, பெயர்த்தெடுத்த லைனுக்கு ரெடிமேட் உண்டு, ஓடுகிற லைனுக்கு இல்லை. இதற்காக மனம் மாறி, பழைய மீட்டர் கேஜ் திண்டுக்கல்லை அமைத்துவிடாதீர்கள். அழகாக வந்து தொலைக்கும்.

4. சாப்பாட்டு மேஜையிலேயே முழு வட்டம் அடியுங்கள். பிராட் கேஜில் வளைவின் ஆரம் 175 மீட்டருக்குக் குறையக் கூடாது. மாடலில் அது 2 மீட்டர். வட்டம் திரும்ப 4 மீட்டர் அகலம் வேண்டும். பெட்டியோடு வருகிற 438 மி.மீ. வளைவு நிஜத்தில் 38 மீட்டர்தான் ஆகும். அதில் 23 மீட்டருக்கு மேல் நீளமான எல்.எச்.பி. பெட்டியை விடுங்கள். வயிறு உள்ளே தள்ளி சிக்னல் கம்பத்தை இடிக்கும். கம்பத்தைப் பிடுங்கிவிடுங்கள்.

5. இப்போது ஜல்லி. பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து 6 மி.மீ. சிப்ஸ் அள்ளி வாருங்கள். ரயில்வே ஜல்லி அதிகபட்சம் 65 மி.மீ.; மாடலில் முக்கால் மி.மீ. நீங்கள் கொட்டும் ஒவ்வொரு கல்லும் அரை மீட்டர் பாறை. சிறுமலை சரிந்து லைனில் விழுந்த மாதிரி இருக்கும். எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்தால் ஏற்ற துகள் கிடைக்கும் என்பார்கள். வீட்டில் ஒரே வடிகட்டிதான் இருக்கிறது என்று சொல்லித் தப்பியுங்கள்.

ஒட்டுவதில்தான் உங்கள் திறமை தெரியும். விவரமானவர்கள் மணலைத் தூவி, கட்டைகளின் தலையில் கிடப்பதை பிரஷ்ஷால் தள்ளி, தண்ணீர் தெளித்து நனைத்து, பாதிக்குப் பாதி தண்ணீர் விட்ட ஃபெவிகாலில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு கலந்து, இங்க் ஃபில்லரால் துளித்துளியாக விடுவார்கள். நீங்கள் டப்பாவோடு கவிழ்த்துவிடுங்கள். லைன் பிரியும் பாயின்ட் வரும் இடத்தில் தாராளமாக. காய்ந்த பிறகு அதன் நாக்கு அசையாது. வண்டி தப்பான லைனில் போய்விடுமோ என்ற பயம் அன்றோடு தீர்ந்தது.

6. பெயின்ட் வேண்டாம். நிஜத்தில் சக்கரம் ஓடும் மேல்பக்கம் மட்டும் மினுங்கும்; பக்கவாட்டில் துருப்பழுப்பு. பழுப்பு பூசி மேலே துடைத்துவிட்டால் மலிவான பாதைகூட நிஜமாகிவிடும். மச்சான் கொண்டுவந்தது பளபளவென்றே இருக்கட்டும்.

7. எரியோடு பக்கம் போய் ரயில்வே கேட்டுக்கு வெளியே நின்று கரூர் லைனைப் பார்க்கும் ஆசை வரும். அடக்குங்கள். பார்த்தால் கான்கிரீட் கட்டைகளின் இடைவெளி கண்ணில் பட்டுவிடும். மெயின் லைனில் கிலோமீட்டருக்கு 1660 கட்டை. கட்டைக்குக் கட்டை 60 செ.மீ., மாடலில் 7 மி.மீ.

கடையில் அந்த 7 மி.மீ. சரியாக இருக்கும் பெட்டி கைக்கு வந்தால், மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துப் பெட்டியை எடுங்கள்.